மூன்றாவது தீவு

ஷவரின் கீழ் நின்றபடியே, "அப்பா, நீலச் சட்டையா வெள்ளையா? எதைப் போட்டுக்கப் போறீங்க?" என்று அவள் சத்தமாகக் கேட்டாள். பதில் வரவில்லை. காதுக் கருவியை இன்னும் மாட்டியிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டாள். கேட்கிறதோ இல்லையோ பேசிக்கொண்டே இருப்பது அவள் வழக்கம். வெயில் அதிகமாம், தொப்பி இல்லாமல் இறங்கக் கூடாது என்றாள். நேற்றுப்போல் பேரப்பிள்ளைகளோடு போட்டி போட்டு மணலில் நடக்கக் கூடாது என்றாள். அந்தக் குளியலறையில் ஓர் ஆள் நின்றால் திரும்ப இடம் கிடையாது. முழங்கையைச் சுவரில் இடித்துக்கொண்டு தலையைத் துவட்டிவிட்டு, ஈர முடியோடு வெளியே வந்தாள்.

அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டையைப் போட்டுப் பொத்தானும் மாட்டியிருந்தார். ஒரு ஷூவுக்கு முடிச்சுப் போட்டாயிற்று. இன்னொன்று கையருகில் இருந்தது. முதுகு சுவரில் சாய்ந்திருந்தது. கண் எதிரே, கப்பலின் முன்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்த டிவியில், கரையின் கான்கிரீட் மேடை பெரிதாகிக்கொண்டே வந்து நின்றுவிட்டிருந்தது. கப்பலை மூன்றாவது தீவில் கட்டிவிட்டார்கள். அப்பாவின் வலது கால் முன்னால் நீண்டு, ஷூவின் நுனி தரைவிரிப்பில் அழுந்தியிருந்தது.

அந்தக் காலைப் பார்த்து அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாழ்நாள் முழுக்க அப்பா டிரைவிங் சொல்லிக்கொடுத்தவர். ஊரில் பாதிப் பேர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஸ்டியரிங் பிடித்தார்கள். கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் அந்தக் காரிலேயே இருந்து இருந்து, எந்த வண்டியில் ஏறினாலும் அவர் கால் தானாக அழுத்தும். பஸ்ஸில் அழுத்துவார், லிஃப்டில் அழுத்துவார். ஊரில் அவருக்கு 'பிரேக் சார்' என்றே பெயர். கப்பல் ஒவ்வொரு தீவில் ஒதுங்கும்போதும் கால் அப்படித்தான் நீளும். பேரப்பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

"கப்பலை நிறுத்தியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே அவள் பக்கத்தில் போனாள்.

காதுக் கருவி காதில்தான் இருந்தது.

அவள் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடாக இருந்தார். பிறகு, என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலேயே, கருவியைக் காதிலிருந்து மெல்லக் கழற்றினாள். அவள் பிழைப்பே அதுதான். காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்திவிடும் கடையில் வேலை. உள்ளங்கைக்குள் வந்ததும் அது கீச்சென்று விசில் அடிக்கத் தொடங்கியது. காதை விட்டு வெளியே வந்தால் தன் சத்தம் தனக்கே திரும்பி வந்து அப்படிக் கத்தும், பயப்படாதீர்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். பேட்டரி மூடியைத் திறந்தால் நின்றுவிடும். அவள் திறக்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

இந்தக் கப்பல் பயணம் அண்ணனின் ஏற்பாடு. அம்மா போன பிறகு மூன்று பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இரண்டு நாள் சேர்ந்து இருந்ததில்லை. அப்பாவுக்கும் வயதாகிறது, எல்லோருமாக ஒரு தடவை எங்காவது போவோம் என்று அண்ணன் சொன்னான். அக்கா உடனே சரி என்றாள். தீவு தீவாகப் போகும் கப்பல், சமையல் கிடையாது, பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் உண்டு, யாரும் யாரையும் தேடி அலைய வேண்டாம். அறை பிரிக்கும்போது அண்ணன் குடும்பத்துக்கும் அக்கா குடும்பத்துக்கும் கடலைப் பார்த்த பால்கனி அறைகள் போயின. அப்பாவையும் அவளையும் ஜன்னல் இல்லாத உள்ளறையில் போட்டார்கள். 'நீங்க ரெண்டு பேரும் தூங்க மட்டும்தானே வரப்போறீங்க' என்று அண்ணி சொன்னதில் தப்பாக ஒன்றும் இல்லை. கப்பலின் முன்பக்கத்தை ஓயாமல் காட்டிக்கொண்டிருக்கும் டிவி சேனல் ஒன்றைக் கண்டுபிடித்து, அதுதான் தங்கள் ஜன்னல் என்று அப்பா அறிவித்துவிட்டார். நாற்பதைத் தாண்டியும் வீட்டில் எல்லோருக்கும் அவள் குட்டிதான். கல்யாணம் தட்டிப்போய், பிறகு பேச்சும் நின்றுபோய், அப்பா இருக்கும் வீடுதான் அவள் வீடு.

கருவியை அணைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவள் கீழ்த்தளத்துக்கு ஓடினாள். இறங்கும் வரிசை நீண்டு நின்றது. எல்லோர் தோளிலும் துண்டு, எல்லோர் மேலும் வெயிலுக்குத் தடவிய களிம்பு வாசம். ஈரத் தலையும் செருப்பில்லாத காலுமாக முண்டியடித்துப் போனவளைப் பார்த்து ஒருவர், வரிசை என்று ஒன்று இருக்கிறது என்று முணுமுணுத்தார். அண்ணன் முன்னால் நின்றிருந்தான். அண்ணன் மகன் சின்னவன், நீந்தும்போது மூச்சுவிடும் குழாயை வாயில் கவ்வியபடி அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன குட்டி, இன்னும் கிளம்பலையா? அப்பா எங்க?"

"நீ மட்டும் கொஞ்சம் வா."

"வரிசை போயிடும்டி."

"போகட்டும். வா."

அவன் அவள் காலைப் பார்த்தான். சின்னவனை அண்ணியிடம் விட்டுவிட்டு வரிசையை விட்டு வந்தான்.

கப்பல் மருத்துவர் வந்து பார்த்தார். தூங்கப் போகிறவர்போல்தான் போயிருக்கிறார், வலித்திருக்காது என்றார். எல்லோரிடமும் அவர் அப்படித்தான் சொல்வார் என்று அவளுக்குப் பட்டது, ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது. பிள்ளைகளை அக்கா வீட்டுக்காரரோடு நீச்சல் குளத்துக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்கள் அண்ணன் அறையில் கூடினார்கள். பால்கனிக் கதவு திறந்திருந்தது. வெளியே கடல் கண்ணாடிபோல் பச்சையாகக் கிடந்தது. இறங்கியவர்கள் அதற்குள் மணலில் குடை விரித்துப் படுத்துவிட்டிருந்தார்கள். யாரோ சிரிப்பது இங்கே வரை கேட்டது.

தோளில் பட்டை வைத்த அதிகாரி ஒருத்தி வந்து நிதானமாக எடுத்துச் சொன்னாள். கப்பலிலேயே வைத்துக்கொள்ளக் குளிர் அறை இருக்கிறது. ஆனால் இன்னும் போக வேண்டிய தீவுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம், எங்காவது தடுத்துவிட்டால் சிக்கல். இந்தத் தீவில் ஆஸ்பத்திரி உண்டு. வாரத்துக்கு ஒரு விமானம் உண்டு, அதில் கொண்டுபோகலாம். கப்பல் ஊர் திரும்பும் நாளும் அந்த விமானம் போய்ச்சேரும் நாளும் கிட்டத்தட்ட ஒன்றுதான், எல்லோரும் ஒன்றாகவே வீட்டில் இருக்கலாம். கையெழுத்துப் போட, கூடப் போக, யாராவது ஒருவர் இங்கே இறங்கிக்கொண்டால் போதும்.

ஒருவர் என்ற சொல் அறைக்குள் விழுந்து அப்படியே கிடந்தது. அக்கா தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். மாடிப்படி ஏறினால் வீங்கும் கால். அண்ணி பிள்ளையின் நீச்சல் உடையைப் பிழிந்ததையே பிழிந்துகொண்டிருந்தாள். யாரும் குட்டியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதிலேயே எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் இருக்கேன்" என்றான் அண்ணன்.

அண்ணியின் கை நின்றது.

"வேண்டாம் அண்ணா. பசங்க இருக்காங்க. நான் இருந்துக்கறேன்."

"தனியா எப்படிடி?"

"பாத்துக்கறேன்."

அவன் இன்னொரு தடவை சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள். சொல்லியிருந்தால் அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனாலும் அந்த இன்னொரு தடவைக்காக அவள் காது காத்திருந்தது. அண்ணன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ சொன்னா சரி" என்றான். அக்கா எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தங்களுக்கெல்லாம் அவளைப்போல் தைரியம் கிடையாது என்று அழுகைக்கு நடுவே சொன்னாள். தனக்கு எப்போது தைரியம் வந்தது என்று குட்டிக்கு ஞாபகம் இல்லை. அக்காவின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

பிள்ளைகளிடம் ஊர் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை, இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், அத்தை கூட இருந்து கூட்டி வருவாள். சின்னவன் தலையில் தண்ணீர் சொட்ட நின்று அவ்வளவையும் கேட்டுவிட்டு, அங்கே டிவி இருக்குமா என்று அவளிடம் கேட்டான். இருக்கும் என்றாள். சாயங்காலம் கப்பல் கிளம்பும்போது கரையில் நின்று கையாட்ட வேண்டும் என்று அவன் வாக்கு வாங்கிக்கொண்டான்.

அப்பாவைக் கீழ்த்தளத்தின் பின்வாசல் வழியாக இறக்கினார்கள். காய்கறிப் பெட்டிகளும் தண்ணீர்ப் புட்டிகளும் ஏறுகிற வழி அது. சாமான் ஏற்றுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். மேல்தளத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சரிவுப் பலகையின் முடிவு வரை வந்தான். அப்பாவின் பெட்டியைத் தான் கொண்டுபோவதாகச் சொன்னான், அவள் கொடுக்கவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றப்போகும்போது அவன் துணியின் மேலாக அப்பாவின் பாதம் இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை. ஓட்டுநர் காத்திருந்தார். பிள்ளைகளில் அப்பா அண்ணனுக்குத்தான் முதலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தார், ஒவ்வொரு திருப்பத்திலும் திட்டிக்கொண்டே. அவன் தோள் குலுங்குவதைப் பார்த்து அவள் வேறு பக்கம் திரும்பி நின்றாள்.

"போயிட்டு வரேன்" என்றான் கடைசியில். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி மேட்டின் மேல் இருந்தது. நீளமான தாழ்வாரம், சுவரோரம் மர பெஞ்சுகள். ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டே வந்து, காலைத் தூக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். கேட்ட இடங்களில் எல்லாம் குட்டி கையெழுத்துப் போட்டாள். நர்ஸ் நல்ல மாதிரி. வாசலில் இருந்தே அப்பாவை வைத்திருந்த அறையின் கதவைக் காட்டி, உள்ளே குளிரும், ஆனால் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றாள். விடுதி ஒன்றையும் சொல்லிவிட்டாள். பிறகு கேட்டாள்.

"கூட வேற யாரும் வரலையா?"

"கப்பல்ல இருக்காங்க."

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பினாள். அந்த ஜன்னலில் கப்பலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. தீவில் இருக்கும் எந்தக் கட்டடத்தையும்விட அது பெரிதாக இருந்தது. நர்ஸ் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். குடிக்கும்போதுதான் காலையில் தலை சீவவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. முடி தானாகக் காய்ந்து சிக்குப் பிடித்திருந்தது. விரலால் பிரித்துப் பார்த்தாள், வரவில்லை. அப்படியே சுருட்டி முடிந்துகொண்டாள்.

சாயங்காலம் பெட்டிகளை விடுதியில் போட்டுவிட்டு இறங்குதுறைக்கு வந்தாள். கடைசி ஆட்கள் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். காலையில் வரிசையில் முணுமுணுத்தவர் அவளைப் பார்த்து, சீக்கிரம் வாங்க, கதவை மூடிவிடுவார்கள் என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு ஓடினார். கயிறுகளை அவிழ்த்தார்கள். ஹாரன் நெஞ்சுக்குள் வந்து அதிர்ந்தது. கரைக்கும் கப்பலுக்கும் இடையில் முதலில் ஒரு முழம் தண்ணீர் தெரிந்தது, பிறகு ஒரு தெரு அகலம்.

அவள் கையைத் தூக்கி ஆட்டினாள். தேன்கூடு மாதிரி அடுக்கடுக்காகப் பால்கனிகள், எல்லாவற்றிலும் ஆட்கள். எது அண்ணன் அறை என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, நடுவில் விட்டுவிட்டாள். ஒரு பால்கனியிலிருந்து யாரோ துண்டைச் சுழற்றி அவளுக்குப் பதில் சொன்னார்கள். பெரியவராகத் தெரிந்தது, சின்னவன் இல்லை. யாராக இருந்தால் என்ன என்று அவர்களுக்கும் சேர்த்தே ஆட்டினாள். கப்பல் மெல்லத் திரும்பியது. பால்கனிகள் இருந்த பக்கம் மறைந்து பின்பக்கம் வந்தது. அங்கே யாரும் இல்லை. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் அவள் கை மேலேயே இருந்தது.

இறங்குதுறை சட்டென்று சின்னதாகிவிட்டது. கப்பல் இருக்கும் வரைதான் அங்கே கடைகள். தொப்பியும் சிப்பி மாலையும் விற்றவர்கள் பெட்டிகளைக் கட்டிச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். தொப்பிக்காரி ஒருத்தி மட்டும் நிழலுக்குக் கட்டியிருந்த பெரிய துணியின் முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"கப்பலை விட்டுட்டீங்களாம்மா?" என்று அவள் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"இல்லக்கா. எங்கப்பா இங்க இருக்காரு."

"அப்படியா. வீடு எந்தப் பக்கம்?"

குட்டி மேட்டைக் காட்டினாள்.

"மேல காத்து நல்லா வரும்" என்றாள் தொப்பிக்காரி. கடைசி முடிச்சும் அவிழ்ந்து துணி தரையில் சரிந்தது. ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள். காற்று அதைப் பிடுங்கியது. "இந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க. தனி ஆளா மடிக்க வராது."

குட்டி செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். துணி விறைத்து நின்றது. நாள் முழுக்க வாங்கிய வெயில் அதில் இன்னும் இருந்தது. உதறினார்கள், மணல் பறந்தது. பாதியாக மடித்தார்கள். தொப்பிக்காரி தன் முனைகளைச் சேர்த்துப் பிடித்தபடி நடந்து வந்து, அவள் கையில் இருந்தவற்றை வாங்கிக்கொண்டு, கீழே தொங்கிய மடிப்பைக் கண்ணால் காட்டினாள். குட்டி குனிந்து அதை எடுத்துக்கொண்டு, துணி இழுபடும் வரை மறுபடி பின்னால் நடந்தாள்.