நாற்பத்தோராம் நாள்

ஒவ்வொரு வருடமும் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று ஜெனிஸ்டனும் கிறிஸ்தோபரும் சிகரெட்டை விடுவார்கள். உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்த கையோடு, கோயில் மதிலோரம் நின்று ஒரே நெருப்புக்குச்சியில் இருவரும் பற்றவைப்பார்கள். பதினாறு வயதில் தொடங்கிய வழக்கம், இப்போது இருபத்தாறு. விட்ட நாற்பது நாளுக்கும் சேர்த்து அன்றே ஒரு பெட்டி காலியாகும். இதற்குப் பெயர் தவமாம்!

ஆனால் போன புரட்டாதியில் நடந்தது விளையாட்டல்ல. ஜெனிஸ்டன் சங்கு எடுக்கிற சுழியோடி. துறைமுக வாய்க்கு வெளியே கீழே போனவனுக்கு மூச்சு பாதியிலேயே அறுந்துவிட்டது. வள்ளத்தில் இருந்து அவனுடைய இடுப்புக் கயிற்றைப் பிடித்திருந்த கிறிஸ்தோபர் இழுத்து எடுத்திராவிட்டால், ஜெனிஸ்டனின் கைக்குழந்தை தகப்பனில்லாப் பிள்ளையாகியிருக்கும். "சிகரெட்டை விடு, இல்லாட்டிக் கடலை விடு" என்றார் டொக்டர். வேறு தொழில் அவனுக்குத் தெரியாது. அப்படியிருந்தும் விபூதிப் புதன் வரும்வரை அவன் புகைத்துக்கொண்டுதான் இருந்தான். வெட்கக்கேடு.

பெரிய வெள்ளியன்று மனைவி தினுஷா கேட்டாள்: "யேசுவுக்காக எண்டா ஏலுது. எனக்கும் பிள்ளைக்குமெண்டா மட்டும் ஏலாதோ?"



ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது கிறிஸ்தோபர் மதிலோரம் காத்து நின்றான். தன்னுடையதைப் பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்தான். அந்த மணம் மூக்கில் ஏறியதும் ஜெனிஸ்டனுக்கு வாயூறியது.

"தவக்காலம் முடிஞ்சுது மச்சான். இந்தா, பிடி."

ஜெனிஸ்டனின் கை தன்பாட்டில் நீண்டது. அதற்குள் கிறிஸ்தோபருக்கு இருமல் வந்துவிட்டது. குனிந்து, மதிலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர இருமினான். நீண்ட கை சிகரெட்டை வாங்காமல் அவன் முதுகைத் தடவியது.

"எனக்கு இன்னும் முடியேல்லையடா" என்றான் ஜெனிஸ்டன்.

"என்ன, சாமியாராகப் போறியோ?"

"நாளையிண்டைக்குக் கடலுக்குப் போறம். நான் தாண்டு போனா நீ கயிறு இழுப்பாய். நீ தவறி விழுந்து தாண்டு போனா? நான்தானே இறங்கி எடுக்கவேணும். அதுக்கு எனக்கு மூச்சு வேணும்."

 கிறிஸ்தோபரின் விரலிடுக்கில் சிகரெட் இழுபடாமலே எரிந்து, அவனுடைய புதுச் சட்டையில் சாம்பலாய் உதிர்ந்துகொண்டிருந்தது.