சலூன் பலகையின் கிரேக்க ஞானி

வணிகர் சங்கத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஹாலில் கிடத்தப்பட்டிருந்த சலூன்காரரைப் பார்த்தபடி முடிவுரைக்கு வந்தார்.

"அண்ணன் அடிக்கடி ஒரு கிரேக்க ஞானியைச் சொல்வாரு. 'முடியும் கவலையும் வெட்ட வெட்ட வளரும். அதுக்காக யாரும் தலையை வெட்டுறதில்ல.' எப்பேர்ப்பட்ட வார்த்தை!"

சலூன்காரரின் மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த அத்தை அவள் தொடையில் கிள்ளினாள்.

"அழுடி. நாலு பேர் பாக்குறாங்க."

"கிரேக்கத்துக்காரன் எதுக்கு அத்தை முடியைப் பத்தி இவ்வளவு யோசிக்கணும்?"

சலூன் கண்ணாடிக்கு மேலே ஒரு கரும்பலகை. கடை திறந்ததும் அப்பா அதில் ஒரு வரி எழுதுவார். சரக்கு சொந்தம், பெயர் மட்டும் இரவல். பொறுமை என்றால் சீன ஞானி, காதல் என்றால் பாரசீகக் கவிஞர், மிச்சமெல்லாம் கிரேக்கர் தலையில்.

முதலில் அவளுக்கே இது தெரியாது. பள்ளிப் பேச்சுப்போட்டியில் அந்தக் கிரேக்கரை மேற்கோள் காட்டிக் கோப்பை வாங்கினாள். பிறகு அவர் புத்தகத்தைக் கேட்டு நூலகரின் உயிரை எடுத்தாள். கடைசியில் அப்பாதான், கை நிறைய சோப்பு நுரையோடு, உண்மையைச் சொன்னார்.

"அவர் புத்தகம் எழுதலம்மா. அவருக்கு ஞாயித்துக்கிழமைகூட லீவு இல்ல."

"உங்க பேரைப் போட வேண்டியதுதானே?"

"சலூன்காரன் சொன்னான்னா, 'கிருதாவைப் பாத்து வெட்டுய்யா'ம்பான். ஞானி சொன்னார்னா தலையை ஆட்டுவான். அப்போ கத்தரியைக் கொஞ்சம் நிறுத்திக்கணும், அவ்வளவுதான்."

அந்தக் கோப்பையில்தான் இன்றும் சீப்புகள் நிற்கின்றன.

தலைவர் அவளருகே குனிந்தார். "தெருவுக்குப் பேனர் அடிக்கிறோம்மா. அந்த வரியைப் போடலாம்னு. ஞானியோட முழுப்பேர் என்ன?"

அவளுக்குச் சிரிப்பு நின்றது. இப்போது விட்டால், தெரு அகலத்துக்கு அது கிரேக்கருடையதாகிவிடும்.

"அது அப்பா சொன்னது சார்."

"துக்கத்துல அப்படித்தாம்மா தோணும்." அவள் தலையை வாஞ்சையோடு தடவினார்.

அதுவரை சுவரில் சாய்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"அந்த ஞானிக்கு நேத்து ராத்திரிவரைக்கும் நான்தாங்க சோறு போட்டேன்."

தலைவர் மெல்லக் கேட்டார்: "அப்போ... அந்த சீன ஞானி?"

"அவருக்கும்தான்."

"பாரசீகக் கவிஞர்?"

"மூணு பேருக்கும் ஒரே தட்டுதான்." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கவிஞருக்குத்தான் உப்பு சரியாவே இருக்காது."

தலைவர் மறுபடியும் அப்பாவின் அருகே போய் நின்றார். வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்த மறுநாள் காலை, மகள் கடை ஷட்டரைத் தூக்கினாள். பலகையில் கடைசியாக எழுதிய வரி அப்படியே இருந்தது. கீழே ஒரு சிறு கோடு. கோட்டுக்குப் பிறகு 'கிரேக்க ஞானி'. நாற்காலியில் ஏறி, பெயரை மட்டும் உள்ளங்கையால் துடைத்தாள். சாக்பீஸை எடுத்தாள். பிறகு வைத்துவிட்டு, கோடு முடியும் இடத்தில் ஆணி அடித்து அப்பாவின் படத்தை மாட்டினாள்.

படம் சற்றுச் சாய்ந்திருந்தது. வாடிக்கையாளர் தலையை அவர் திருப்புவதுபோல, தாடைக்குக் கீழே இரண்டு விரல் வைத்து, மெதுவாக நேராக்கினாள்.