தூண்களுக்கு இரண்டு சாட்சி

எங்கள் பள்ளிக்கூடத்து நூலகத்தில் ஒரு சண்டைக்காரி இருக்கிறாள் என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. சண்டைக்காரி நான். நூலகத்தில் இருப்பது என் அண்ணி. அவர் சண்டையே போட மாட்டார். "இதை யார் சொன்னது?" என்று மட்டும் கேட்பார். கேட்டே ஆளை ஒரு வழி பண்ணிவிடுவார்.

நான் சரித்திரம் எடுக்கிறேன். எங்கள் பாடப்புத்தகத்தில் எகிப்துக்கு ஒன்றரைப் பக்கம், அதிலும் பாதி படம். மெசபடோமியா ஒரு பத்தியில் பிறந்து அடுத்த பத்தியில் அழிந்துபோகும். "இதை வச்சுக்கிட்டு என்னத்த நடத்துறது?" என்று நான் வீட்டில் பாத்திரங்களை உருட்டிய ஒரு நாளில்தான் அண்ணி அந்த இணையப் பக்கத்தைத் தொடங்கினார். பெயர் 'பழைய உலகம்'. அருங்காட்சியகங்கள் பொதுவில் போட்டிருக்கும் படங்கள், அகழாய்வுக் குறிப்புகள், களிமண் பலகைகளின் மொழிபெயர்ப்புகள், இடைக்கால நகரங்களின் வரைபடங்கள் என்று வலை முழுக்கத் தேடிப் பிடித்து, மாணவர்களுக்காக ஒரே இடத்தில் சேர்த்தார். ஒவ்வொரு சுட்டிக்குக் கீழேயும் அவர் எழுதிய ஒரு வரி இருக்கும். 'படம் அருமை, கதையை நம்பாதே.' 'எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், பொறுமையாகப் படித்தால் புதையல்.' 'இவர்களுக்கு ஆண்டுக் கணக்கு வராது, ஜாக்கிரதை.'

அதைவிடப் பெரியது அவருடைய சட்டம். எந்தச் செய்தியாக இருந்தாலும் இரண்டு சாட்சி வேண்டும். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாத இரண்டு இடங்களில் அது இருந்தால்தான் பக்கத்தில் ஏறும். மூன்று தளங்களில் ஒரே செய்தி, ஒரே வார்த்தைகளில் இருந்தால் அது மூன்று சாட்சி இல்லையாம், ஒரே சாட்சிக்கு மூன்று வாயாம். நானும் விடைத்தாளில் சாட்சி காட்டாதவர்களுக்குப் பாதி மதிப்பெண்தான் போடுவேன். பிள்ளைகளுக்கு இது தொற்றிக்கொண்டு, மைதானத்தில் "நீ அவுட்டு" என்றால் "ரெண்டு சாட்சி கொண்டா" என்று கத்துகிற அளவுக்குப் போய்விட்டது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பெற்றோர் கூட்டம் வரும்வரை. தலைமையாசிரியர் பெருமையாகப் பெரிய திரையில் அந்தப் பக்கத்தைத் திறந்து, ரோமாபுரிச் சாலைகள் என்ற சுட்டியை அழுத்தினார். திரை நிறையச் செருப்புகள். எங்கோ ஒரு பேராசிரியர் நடத்திவந்த தளம் காலாவதியாகி, அந்த முகவரியை ஒரு செருப்புக் கடை வாங்கியிருக்கிறது. "அப்பவே ரொம்ப நடந்திருப்பாங்க போல" என்றார் ஒரு அப்பா. கூடமே சிரித்தது. தலைமையாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "பக்கத்தை நிறுத்திடலாம்னு பார்க்கிறேன்மா. ஒரு கம்பெனில ரெடியா பாடமே வச்சிருக்காங்க. வீடியோ, இசை, எல்லாம் சுத்தமா இருக்கு. நூலகம் நூலகமா இருக்கட்டும்" என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "ஒரு செருப்புக்காகவா சார்?" என்று ஆரம்பித்து நான் என்னென்னவோ பேசினேன். என் வாய்க்குப் பயந்தோ என்னவோ, அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனிக்காரர் வருவார், எட்டாம் வகுப்புக்கு அவர் தன் பாடத்தைக் காட்டட்டும், அதே பாடத்தை அண்ணியும் காட்டட்டும், அன்றைக்கே முடிவு என்றார்.

அந்த வாரம் அண்ணி தினமும் மாலை முழுவதும் கணினி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சுட்டியாகத் திறந்து பார்த்தார். செத்ததை நீக்கினார், இடம் மாறியதைத் தேடிப் பிடித்தார். அண்ணன் சமைத்தான். அதையும் சகித்துக்கொண்டோம்.

"பக்கம் போயிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"புத்தகத்துக்கு அட்டை போடுவேன். அது ஒண்ணும் கேவலமான வேலை இல்ல" என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "ஆனா இந்தப் பிள்ளைங்க இப்பத்தான் கேக்கப் பழகியிருக்குங்க. வீடியோ போட்டா வாயைப் பொளந்து பாக்குமே தவிர, கேக்காது. அதான் மனசு ஒப்பல."

வெள்ளிக்கிழமை கணினி அறையில் எட்டாம் வகுப்பு முழுக்க நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. கம்பெனிக்காரர் இஸ்திரி கலையாத சட்டையில், சிரித்த முகத்தோடு வந்தார். கிரீட் தீவில் தோண்டி எடுத்த பழைய அரண்மனை பற்றிய பாடம். விளக்கை அணைத்தார். இசை எழும்பியது. கடற்கரை, குன்று, பிறகு அந்த அரண்மனை. கேமரா சிவப்புத் தூண்களுக்கு நடுவே புகுந்து புகுந்து போனது. 'மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகக் காலத்தை வென்று நிற்கும் தூண்கள்' என்றது ஒரு கம்பீரமான குரல். உண்மையைச் சொல்வதென்றால், அழகாகத்தான் இருந்தது. பிள்ளைகள் இமைக்காமல் பார்த்தார்கள். அண்ணி மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எங்கள் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கைப் போட்டதும் மூன்றாவது வரிசையில் ஒரு கை எழுந்தது. அந்தப் பெண்ணை வகுப்பில் எல்லோரும் 'வக்கீல்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் திறந்தால் எதிர்க்கட்சிதான்.

"சார், அந்தச் செவப்புத் தூணெல்லாம் கான்கிரீட்டு."

கம்பெனிக்காரர் கனிவாகச் சிரித்தார். "அந்தக் காலத்துல ஏதும்மா கான்கிரீட்டு?"

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

அறையில் கொல்லென்று சிரிப்பு எழுந்தது. வக்கீல் சிரிக்கவில்லை. பழைய தூண்கள் மரத்தால் ஆனவை, எப்போதோ அழிந்துபோய்விட்டன என்றாள். நூறு வருடங்களுக்கு முன்னால் அந்த இடத்தைத் தோண்டியவர்கள், இப்படித்தான் இருந்திருக்கும் என்று கணித்துக் கான்கிரீட்டில் வார்த்து, சிவப்புச் சாயம் பூசி நிறுத்தினார்கள் என்றாள். "ஒரு சாட்சி, தோண்டும்போது எடுத்த போட்டோ. அதுல தூணே இல்ல. இன்னொரு சாட்சி, அந்தக் கான்கிரீட்டு விரிசல் விடுது, எப்படிப் பழுது பாக்குறதுன்னு எஞ்சினீயருங்க எழுதின கட்டுரை."

தலைமையாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கம்மா படிச்ச இதெல்லாம்?"

"நூலக மிஸ் பக்கத்துலதான் சார். ரெண்டு சுட்டியும் அதுல இருக்கு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அண்ணியின் கையைப் பிடித்தே விட்டேன். ஆனால் அந்தப் பெண் உட்காரவில்லை.

"ஆனா சார், மிஸ் பக்கத்துலயும் தப்பா இருக்கு. மேல அதே தூண் படத்தைப் போட்டு, மூவாயிரத்து ஐந்நூறு வருஷத் தூண்கள்னுதான் எழுதியிருக்காங்க."

பாவிப் பெண்ணே, உட்கார்ந்து தொலையேன் என்று பல்லைக் கடித்தேன். அண்ணி எழுந்து போய்ப் பெரிய திரையில் பக்கத்தைத் திறந்தார். இருந்தது. அவள் சொன்னபடியே, கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கம் தொடங்கிய புதிதில், சட்டம் போடுவதற்கு முன்பே எழுதிய வரி. ஒரு வாரமாக ஊரார் தளமெல்லாம் திறக்கிறதா என்று பார்த்தவர், தான் எழுதியதை ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை.

அண்ணி அந்த வரியை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். "தப்புதான். எழுதினது நான். ஒரே சாட்சிய நம்பி எழுதிட்டேன்" என்றார். நான் தலைமையாசிரியரின் முகத்தைப் பார்க்கப் பயந்து அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தப் பிள்ளை முதல் பரிசு வாங்கியதுபோல அப்படி ஒரு பூரிப்பு. மாட்டிக்கொண்ட ஒரு ஆள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

தலைமையாசிரியர் கம்பெனிக்காரரிடம் திரும்பினார். "உங்க வீடியோல இதை மாத்த முடியுமா?"

"மேல சொல்லிப் பாக்குறேன் சார். அடுத்த பதிப்பு வரும்போது..." என்று இழுத்தார் அவர். நல்ல மனிதர்தான், அவர் என்ன செய்வார்.

"நீங்க எப்ப மாத்துவீங்கம்மா?" என்று தலைமையாசிரியர் அண்ணியைக் கேட்டார்.

அண்ணி அதற்குள் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். பழைய வரியை அழிக்கவில்லை. அதன் மேல் ஒரு கோடு மட்டும் இழுத்தார். 'இந்தத் தூண்கள் நூறாண்டுகளுக்கு முன் கான்கிரீட்டில் வார்த்தவை. மேலே உள்ளது என் தவறு. கண்டுபிடித்தது எட்டாம் வகுப்பு மாணவி' என்று கீழே புதிதாக எழுதினார். வக்கீலை முன்னால் அழைத்து, சரியாக இருக்கிறதா என்று கேட்டார். அவள் இரண்டு தடவை படித்துப் பார்த்த பிறகே தலையாட்டினாள்.

நான் பக்கத்தில் போய்க் கிசுகிசுத்தேன். "பழசை அழிச்சிடுங்க அண்ணி. பெத்தவங்கெல்லாம் பாப்பாங்க."

"பாக்கட்டுமே" என்றார் அண்ணி. மெதுவாகப் பேச அவருக்கு வராது. "அதை அழிச்சிட்டா, இவ என்ன கண்டுபிடிச்சான்னு யாருக்குத் தெரியும்?"

தலைமையாசிரியர் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பக்கம் இருக்கட்டும்மா" என்றார். "பெத்தவங்க கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

எனக்கு யாரிடமாவது ஏதாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த கம்பெனிக்காரரிடம் போய், "இவங்க என் அண்ணி" என்றேன். அந்த அறையில் அது தெரியாத ஆள் அவர் ஒருவர்தான்.