வேளைக்குச் சாப்பிடும் வேண்டுதல்

என் தலைவலியைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. வலி மட்டும் எனக்கு இருந்தது.

சுக்கை இழைத்துப் பற்றுப் போடச் சொன்னார்கள், போட்டேன். நொச்சி இலை ஆவி பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். கண் திருஷ்டி என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார்கள். அந்த நெடியில் இரண்டு மணி நேரம் கூடுதலாக வலித்ததுதான் மிச்சம். சாதாரணத் தலைவலி என்றால் பொறுத்துக்கொண்டு போயிருப்பேன். இது ஒற்றைத் தலைவலி. முதலில் இடது கண்ணின் ஓரத்தில் வெயில் பட்ட தண்ணீர் மாதிரி ஒரு வெளிச்சம் நடுங்கும். எதைப் பார்த்தாலும் அதில் பாதி காணாமல் போகும். அரைமணி கழித்து நெற்றிப்பொட்டில் இடி ஆரம்பிக்கும். அப்புறம் வாந்தி. அப்புறம் யார் வாயைத் திறந்தாலும் எரிச்சல். சுவரைப் பார்த்துப் படுத்தால் எழுந்திருக்க இரண்டு நாள் ஆகும்.

எங்கள் வீடு புத்தூரில். நான் நாராயணவனத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்புக்கு டீச்சர். வீட்டுக்காரர் கோவர்த்தனனுக்கு ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை; ஷிப்டு முடிந்தும் பாதி நாள் அங்கேயே தூங்கிவிடுவார். வீட்டில் நானும் என் மாமியார் கன்னியம்மாளும்தான்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. புத்தூர் இங்கேயே இருக்குமா, மெட்ராஸோடு போகுமா என்பதுதான் டீக்கடையிலிருந்து குழாயடி வரைக்கும் பேச்சு. என் கவலை வேறு. தெலுங்குப் பரீட்சையில் மூன்று தடவைக்குள் தேறாவிட்டால் வேலை இல்லை என்று எனக்குக் காகிதம் வந்திருந்தது. வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"எல்லைய மாத்தினா நாம மெட்ராஸ் பக்கம் பூடுவோம். அப்பறம் இன்னாத்துக்கு தெலுங்கு? சும்மா கவலப்பட்டுகினு இருக்காத."

"எல்ல மாறுற வரைக்கும் என் சம்பளத்த யாரு குடுப்பா? நீங்களா?" என்றேன்.

சிரிப்பு நின்றது. என் சம்பளம் வராவிட்டால் அந்த வீட்டில் இரண்டு வேளைதான் அடுப்பு எரியும் என்று அவருக்கும் தெரியும்.

தெலுங்கு பேசுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சந்தையில் பேரம் பேசுவதும் சண்டை போடுவதும் பாதி தெலுங்கில்தான். எழுதுவதற்குத்தான் முப்பத்திரண்டு வயதில் சிலேட்டை எடுக்க வேண்டியிருந்தது. அதையும் கற்றுக்கொண்டேன். சித்தூருக்குப் போய் இரண்டு தடவை பரீட்சை எழுதினேன். இரண்டு தடவையும் கேள்வித்தாள் கைக்கு வந்து ஒரு மணி நேரத்தில் அந்த வெளிச்சம் நடுங்கியது, எழுத்துகளில் பாதி மறைந்தது, பரீட்சையும் போயிற்று. மிச்சம் இருந்தது ஒரே ஒரு தடவை.

இந்தத் தலைவலிக்காக நான் ஒரு வேண்டுதலும் வைத்திருந்தேன். மாமியார் சொல்லித்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் சனிக்கிழமைகளில் ஒருபொழுது இருப்பவள். விளக்கு வைத்த பிறகுதான் வாயில் சோறு படும். சனிக்கிழமை மதியம் கண்ணை மூடி, நெற்றியைச் சுவரில் சாய்த்து, அசையாமல் உட்கார்ந்திருப்பாள். ஜபம் செய்கிறாள் என்று நான் பாத்திரச் சத்தம்கூட வராமல் நடப்பேன். அவளைப் பார்த்துத்தான் ஒரு புரட்டாசியில் நாராயணவனத்துப் பெருமாள் முன்னால் கற்பூரம் ஏற்றி, "இந்தத் தலைவலி தீருகிற வரைக்கும் சனிக்கிழமை தோறும் ஒருபொழுது இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாதம் ஒரு தடவை வந்துகொண்டிருந்த தலைவலி மாதம் இரண்டு, மூன்று என்று ஏறியது.

"ஒருபொழுதுல காபி குடிச்சா அது ஒருபொழுதா?" என்றாள் மாமியார். சனிக்கிழமை காபியை நிறுத்தினேன். அப்போதும் வந்தது. பகலில் தண்ணீரையும் நிறுத்தினேன். அதற்குப் பிறகு கேட்கவே வேண்டாம். பெருமாளுக்கு என்மேல் என்ன கோபமோ என்று அழுதிருக்கிறேன். பக்தி போதவில்லை என்றுதான் நினைத்தேனே தவிர, வேறு ஒன்றும் என் புத்தியில் ஏறவில்லை. படித்த பெண் என்று பெயர்!

மூன்றாவது பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது தலைமையாசிரியர் ஆதிநாராயணன் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் ஆசிரியர் வருகைப் பதிவேடு விரிந்து கிடந்தது.

"டீச்சரம்மா, உங்க தலைக்குக் கிழமை தெரியுமா?"

"இன்னா சார் சொல்றீங்க?"

"ஒரு வருஷமா பாக்கிறேன். நீங்க லீவு போடறது எல்லாம் திங்கக்கெழம. சனி, ஞாயிறு போதலன்னா நேரா சொல்லுங்க. எதுக்குத் தலைவலி மேல பழிய போட்டுகினு?"

எனக்கு வந்த கோபத்தில் மேசையை எட்டி உதைக்காமல் இருந்ததே பெரிய விஷயம். "அந்த ரிஜிஸ்டர இப்டிக் குடுங்க சார்" என்று வாங்கிக்கொண்டு போய், காலி வகுப்பில் உட்கார்ந்து, ஒவ்வொரு மாதமாகப் புரட்டினேன். அவர் சொன்னது பொய் என்று காட்டி, அவரை மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டும். அதுதான் எண்ணம்.

பத்தொன்பது லீவு. பத்தொன்பதும் திங்கட்கிழமை.

வெட்கமாக இருந்தது. திருப்பித் திருப்பி எண்ணினேன். வலி வருவது எப்போதும் சனிக்கிழமை; ஞாயிறு முழுக்கக் கிடப்பேன்; திங்கள் எழுந்திருக்க முடியாது. அது எனக்குத் தெரியாததில்லை, சேர்த்துப் பார்த்ததுதான் இல்லை. பிறகு லீவு போடாத திங்கட்கிழமைகளைத் தேடினேன். தண்ணீரையும் நிறுத்திய பிறகு அநேகமாக எல்லாத் திங்களும் லீவுதான். நடுவில் ஆவணியில் மட்டும் தொடர்ந்து இரண்டு திங்கள் நான் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறேன். அந்த இரண்டு வாரம் என்ன நடந்தது என்று யோசித்தேன். எங்கள் பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் செத்துப்போயிருந்தார். பதினாறு நாள் தீட்டு. தீட்டில் பூஜை கிடையாது, விரதம் கிடையாது. இரண்டு சனிக்கிழமையும் காபி குடித்து, மூன்று வேளையும் சாப்பிட்டு, சிவனே என்று இருந்திருக்கிறேன்.

பதிவேட்டை மூடினேன். தலைவலி போக வேண்டும் என்று பட்டினி கிடந்தேன். பட்டினி கிடந்ததால் தலைவலி வந்தது. வந்ததால் இன்னும் பட்டினி கிடந்தேன். இரண்டு தெலுங்குப் பரீட்சையும் சனிக்கிழமை. பச்சைத் தண்ணீர் குடிக்காமல் சித்தூருக்குப் பஸ் ஏறியவள் நான்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது.

தலைமையாசிரியரிடம் பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்து, "நீங்க சொன்னது சரிதான் சார்" என்றேன். சண்டைக்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மனிதர் குழம்பிப்போனார்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் கற்பூரம் ஏற்றிச் சொன்ன வேண்டுதலை எப்படி விடுவது? மூன்றாவது பரீட்சையும் சனிக்கிழமைதான். விட்டால் தெய்வக் குற்றம், விடாவிட்டால் வேலை போகும். பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கோவிலுக்குப் போனேன். பெருமாள் கல்யாணத்துக்கு மஞ்சள் அரைத்தது என்று சொல்லும் பெரிய எந்திரக்கல் அங்கே இருக்கிறது. எத்தனையோ தடவை பார்த்த கல்தான். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவர் கல்யாணம் செய்துகொண்ட ஊர் இது. கல்யாண வீட்டுக்கு வந்தவளைப் பட்டினி போட எந்த மாப்பிள்ளைக்கு மனசு வரும்?

சந்நிதியில் நின்று புதிதாக வேண்டிக்கொண்டேன். "பெருமாளே, பழைய வேண்டுதலை மாற்றிக்கொள். இனிமேல் வேளா வேளைக்குச் சாப்பிடுகிறேன். தண்ணீர் குடிக்கிறேன். ராத்திரி ஒரே நேரத்துக்குப் படுத்து ஒரே நேரத்துக்கு எழுந்திருக்கிறேன். வெயிலில் குடை இல்லாமல் நடக்கமாட்டேன்." யாராவது கேட்டிருந்தால் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் இறுகிப்போனது. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கற்பூரம் ஏத்தினியா?"

"ஏத்தினேன் அத்தே."

"அப்ப அது வேண்டுதல்தான்."

அவ்வளவுதான். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கேழ்வரகுக் கூழோடு தலைமாட்டில் நின்றாள். அது சனிக்கிழமை. "எழுந்து துன்னு. சாமிக்குச் சொன்ன வார்த்த" என்றாள். அன்றிலிருந்து நான் வேளை தவற அவள் விடவே இல்லை. பசிக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "உன் பசிய யாரு கேட்டா? வேண்டுதல்னா வேண்டுதல்" என்றாள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு அடை கட்டிக் கொடுப்பாள். சனிக்கிழமை மதியமும் அடைதான்; ஒருபொழுது என்பதால் அன்றைக்கு அவள் ருசி பார்க்கமாட்டாள். சாயங்காலம் அடை கட்டிய துணியை உதறிப் பார்ப்பாள். ஒன்பது அடித்தால் விளக்கை அணைத்துவிடுவாள். ஒருநாள் வீட்டுக்காரர் ரேணிகுண்டாவிலிருந்து கடைசி வண்டியில் வந்து எல்லைப் பேச்சை ஆரம்பித்தார். "காலைல பேசு நைனா, அவ வேண்டுதல்ல கீறா" என்று மகனைத் துரத்தினாள்.

தலைவலி போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இரண்டரை மாதத்தில் இரண்டே தடவை வந்தது. ஒருநாள் குடையைப் பள்ளிக்கூடத்தில் மறந்துவிட்டு மொட்டை வெயிலில் நடந்து வந்தேன். வீடு சேர்வதற்குள் கண்ணோரத்தில் வெளிச்சம் நடுங்கியது. முன்பெல்லாம் வேலையை முடித்துவிட்டுப் படுக்கலாம் என்று இழுத்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு உடனே தண்ணீர் குடித்து, ஜன்னலைச் சாத்தி, ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு இருட்டில் படுத்தேன். இரண்டு நாள் கிடந்த இடத்தில் மூன்று மணி நேரத்தில் எழுந்துவிட்டேன். ஈரத்துணியும் கையுமாக வெளியே வந்து, "அத்தே, பூடுச்சி" என்றேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

பரீட்சைக்குத் தனியாகப் போகிறேன் என்று சொன்னேன். மாமியார் காதிலேயே வாங்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீரும் அடை மூட்டையுமாகச் சித்தூர் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். பரீட்சை பத்து மணிக்கு. கேள்வித்தாள் கட்டு வந்து சேர்ந்ததோ பதினொன்றரைக்கு. ஜன்னல் வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. கேட்டு வேறு இடத்துக்கு மாறிக்கொண்டேன். எழுத ஆரம்பித்து அரைமணி இருக்கும். வெளியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஏ தாட்சாயணி! மணி பன்னண்டு ஆவுது. துன்னு!"

முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னல் கம்பிக்கு நடுவே மாமியார் கை, கையில் அடை. மேற்பார்வைக்கு இருந்தவர் பாய்ந்து போனார். "ஏமிட்டம்மா இதி? பரீட்ச ஹாலு!"

"மொக்கு சார், மொக்கு! நாராயணவனம் சாமிக்கு மொக்கு!" என்றாள் அவள், கையை உள்ளே இன்னும் கொஞ்சம் நீட்டி.

வேண்டுதல் என்றதும் அவர் குரல் தணிந்துவிட்டது. வாங்கி, உள்ளே துண்டுக் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று பிட்டுப் பார்த்தார். பிறகு வராந்தாவில் அவர் கண் எதிரிலேயே மூன்று நிமிஷத்தில் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன். ஒரு செம்புத் தண்ணீரும் குடித்தேன். மானம் போயிற்று, போகட்டும். திரும்பி வந்து உட்கார்ந்து, அந்த வெளிச்சம் வருமா வருமா என்று பயந்துகொண்டே எழுதினேன். கடைசிக் கேள்வி வரைக்கும் அது வரவே இல்லை. ஒரு எழுத்துகூட மறையவில்லை. பேனாவை மூடியதும் வெளியே மாமியாரைத் தேடி ஓடினேன்.

தேறிவிட்டேன் என்று இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது. எல்லையும் ஒருவழியாகத் தீர்ந்து, நாங்கள் ஆந்திராப் பக்கமே நின்றோம். வீட்டுக்காரர் அதற்குப் பிறகு என் காகிதம் எதையும் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது திரும்பி வந்த பஸ்தான்.

மணி மூன்று இருக்கும். வெயில் கொளுத்தியது. மாமியார் கண்ணை மூடி, நெற்றியை ஜன்னல் கம்பியில் சாய்த்து, அசையாமல் இருந்தாள். சனிக்கிழமைகளில் நான் பத்து வருஷமாகப் பார்த்த அதே இருப்பு. பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியதும் முகத்தைச் சுளித்து, இடது நெற்றிப்பொட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"அத்தே, தல வலிக்குதா?"

"சனிக்கெழம வலிக்காம இருக்குமா?" என்றாள், கண்ணைத் திறக்காமல். "ஒருபொழுதுன்னா வலிக்கத்தான் செய்யும். எல்லாருக்கும் அப்டித்தான்னு நென்ச்சிகினு கீறேன்."

"எத்தினி வருஷமா?"

"கண்ணாலம் ஆனதுலேர்ந்து."

ஜபம் என்று நினைத்து நான் ஓசைப்படாமல் நடந்தேனே! வீட்டில் இரண்டு பேர் ஒரே வலியோடு கிடந்திருக்கிறோம். ஒருத்தி சொல்லிச் சொல்லி, ஒருத்தி சொல்லாமலே. மூட்டையில் ஒரு அடை மிச்சம் இருந்தது. எடுத்து நீட்டினேன்.

"எனக்கு இன்னா வேண்டுதலா?" என்றாள்.

"என்னுதுல பாதி எடுத்துக்கோங்க அத்தே. கண்ணால ஊட்டு சாமி, ஒண்ணும் சொல்லாது."

அவள் வெளியே பார்த்தாள். விளக்கு வைக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அடையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு ரொம்ப தூரம் அப்படியே வந்தாள். பிறகு கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டாள். மென்றாள். பாதியில் நிறுத்தினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உப்பே இல்லியே இதுல! இத்தினி சனிக்கெழமயா துன்னுகினு இருந்தியே, ஒரு வார்த்த சொல்லல?"

"வேண்டுதல்ல குத்தம் சொல்லலாமா அத்தே?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மிச்சத்தையும் தின்று, தண்ணீருக்குக் கை நீட்டினாள்.