அஸ்கரின் முற்றத்தில் ஒரு நீலக்கோடு

1

இந்தக் கதை ஒரு கூட்டத்தில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லிம்ஃப்யோர்டு என்னும் கடற்கழியைச் சுற்றி நெடுந்தூர சைக்கிள் பாதை வரப்போகிறது, உங்கள் ஊர் வழியாக அது எப்படிப் போகலாம் என்று வந்து சொல்லுங்கள் என நகராட்சி கூப்பிட்டிருந்தது. காப்பியும் கேக்கும் உண்டு என்று கடைசியில் போட்டிருந்தார்கள். கேக்குக்காகத்தான் போனேன் என்று எழுதினால் சிரிப்பீர்கள். ஆனால் அது பொய். நான் பயந்துகொண்டுதான் போனேன். காரணம் மூன்றாம் பகுதியில் வரும்.

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

"லிம்ஃப்யோர்டின் மேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த அந்த மாலையில்..." வேண்டாம். அன்று மூடுபனி இல்லை. வெறும் தூறல்.

"கோடு என்பது என்ன? இரண்டு புள்ளிகளுக்கு இடையே மனிதன்..." இதைப் படித்தால் நானே எழுந்து போய்விடுவேன்.

"அஸ்கரும் தீராவும் ஒரே காரில் வந்து இறங்கி, மண்டபத்துக்குள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள்." இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

அஸ்கர் தோருப் பால்மாடு வளர்ப்பவர். வீடு ஒரு பக்கம், மாட்டுக்கொட்டகை எதிர்ப்பக்கம், நடுவில் முற்றம். கரையோரமாக வரும் மண்பாதை அந்த முற்றத்தின் வழியாகத்தான் போகிறது. தீரா அவருடைய மனைவி. பக்கத்து ஊர் நூலகத்தில் வேலை. சில வருடங்களுக்கு முன் வேலை முடிந்து நெடுஞ்சாலையோரமாக சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி தோளில் அடித்து, தீராவைப் பள்ளத்தில் தூக்கிப் போட்டது. காலில் தகடு வைத்தார்கள். இன்றும் கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பார். அதற்குப் பிறகு சைக்கிள் மணி கேட்டாலே சுவரைப் பிடித்துக்கொள்வார். அஸ்கர் அந்த சைக்கிளைப் பழைய பொருள் சந்தைக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

(ஒரு குறிப்பு. டேனிஷ்காரர்கள் எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்றே கூப்பிடுகிறார்கள். தமிழில் எழுதும்போது நான்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தீராவும் அஸ்கரும் ஒருவருக்கொருவர் 'நீ'. சண்டை போடும்போதும் 'நீ'தான். சிக்னே மட்டும் அஸ்கரை 'நீங்க' என்கிறாள். அவள் சொன்ன வார்த்தையில் அது இல்லை, குரலில் இருந்தது.)

சிக்னே யார் என்று சொல்லவில்லை அல்லவா? பாதையைத் திட்டமிட வந்த நகராட்சிப் பெண். அவளை வில்லியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அதிகாரி, வெளியூர், பளபளக்கும் கைப்பை. எழுதிய பத்தியை அடித்துவிட்டேன். ஏனென்றால் அவள் நனைந்த மழைக்கோட்டோடு சைக்கிளில்தான் வந்தாள். நெடுஞ்சாலை வழியாகவும் கரை வழியாகவும் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். வரைபடத்தை மேசை முழுக்க விரித்தாள். நெடுஞ்சாலையோரமாக ஒரு சிவப்புக்கோடு. கரையோரமாக, அஸ்கரின் முற்றத்துக்குள் புகுந்து போகும் நீலக்கோடு.

"முடிவு பண்ணிட்டு வந்து உங்ககிட்ட ஒப்புக்குக் கேக்கறேன்னு நினைக்காதீங்க. அதுக்குத்தான் பென்சில் வச்சிருக்கேன். கிறுக்குங்க" என்றாள்.

3

இப்போது என் பயம்.

கூட்டத்துக்கு முந்தைய வசந்தத்தில் ஒரு காலை, தீரா என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"கோதை, உன் சைக்கிளக் குடேன். அஸ்கர்கிட்ட சொல்லாதே."

"ஏன், அவர் என்ன சொல்வார்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டான். அதான் பிரச்சினை. நான் விழுந்தா நான் மட்டும் விழுந்துக்கறேன். அவனையும் சேத்து விழ வைக்க முடியாது."

நான் இருக்கையைத் தாழ்த்திக் கொடுத்தேன். முதல் நாள் அவர் அதைத் தள்ளிக்கொண்டு மட்டும் போனார். திரும்பி வந்தபோது கைப்பிடி முழுக்க வியர்வை. அடுத்து, வேலிக் கம்பியைத் தொட்டுக்கொண்டே ஒரு காலால் மிதித்தார். ஒருமுறை புல்லில் சாய்ந்தார். நான் ஓடினேன். "கிட்ட வராதே!" என்று கத்தினார். தானே எழுந்தார். கோடையில் கரைப்பாதை வழியாகப் படகுத்துறை வரை போய்த் திரும்ப ஆரம்பித்துவிட்டார். போகும்போது கண்ணில் பயம் இருக்கும். வரும்போது இருக்காது. அதற்காகவே நான் வாசலில் நிற்பேன்.

அஸ்கரோ, மனைவி என் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போகிறார் என்று நம்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் கடையில் பார்த்தபோது, "உன் காப்பியில என்னதான் போடறே? அவ கன்னமெல்லாம் செவந்து போச்சு" என்றார். நான் ரொட்டி அடுக்கின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

(இந்தக் கதையில் எனக்குச் சந்தேகம் வருகிற ஒரே பாத்திரம் நான்தான். ஒரு மனிதரை அத்தனை மாதம் ஏமாற்ற உதவியவள், எழுத்தில் இவ்வளவு நல்லவளாகத் தெரிகிறாள். கவனமாகப் படியுங்கள்.)

4

ஊர்ச்சங்கத் தலைவர் பிரெபென் கூட்டத்தைத் தொடங்கி வைத்தார். நீலக்கோடு வந்தால் தன் விடுதிக்கு ஆள் வரும் என்பதைச் சொல்லாமல், இயற்கை அழகைப் பற்றி நிறையச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். அஸ்கர் எழுந்தார்.

"என் முற்றத்துல பாதை வராது. காலையிலயும் சாயங்காலமும் மாடு குறுக்கே போகும். ஒரு பசு மிரண்டா சைக்கிள்காரன் கதி என்ன?"

"கேட் போட்டுத் தர்றோங்க. மாடு போற நேரம் மூடிக்கலாம்" என்றாள் சிக்னே.

"கேட்டெல்லாம் வேண்டாம்."

"சுவரோரமா ஒரு வேலி?"

"வேண்டாம்னு சொல்றேன்ல!"

"அப்ப நெடுஞ்சாலைதாங்க வழி. வேற இடம் இல்ல."

எந்த நெடுஞ்சாலை என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் தீராவைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்த ரோட்டுல இன்னொருத்தி விழணுமா அஸ்கர்?"

"தீரா, இது மாட்டு விஷயம்."

"மாடு ஒண்ணும் சொல்லல. நீதான் சொல்றே. உண்மையச் சொல்லு."

அஸ்கர் தொப்பியைக் கையில் கசக்கினார். நாற்பது பேர் முன்னால் அந்த மனிதரை அப்படி நிற்க வைத்ததை எழுதாமல் விட்டுவிடலாமா என்று

(இல்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.)

"தினமும் நம்ம வாசல்ல மணி அடிப்பாங்க" என்றார். "தினமும் நீ சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நிப்பே. நான் கொட்டகையிலருந்து பாத்துட்டிருக்கணும். என்னால முடியாது. அவ்வளவுதான்."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். தீரா சாதாரணமாகச் சொன்னார்.

"நான் ஏப்ரல்லருந்து ஓட்டறேன்."

"என்னத்த?"

"சைக்கிள. கோதையோடத. படகுத்துறை வரைக்கும்."

அஸ்கர் என் பக்கம் திரும்பினார். நான் கேக்கைப் பார்த்தேன்.

"காப்பி குடிக்கப் போறேன்னியே!"

"குடிச்சேன். அப்புறம் ஓட்டினேன்."

"ஏப்ரல்லருந்தா?"

"உன் மூஞ்சி இப்படி ஆகும்னுதான் சொல்லல."

பிரெபென் முதலில் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. அஸ்கர் சிரிக்கவில்லை. மெல்ல உட்கார்ந்தார், உட்கார்ந்ததும் ஒரு பெரிய மூச்சு விட்டார். வருடக்கணக்கில் தோளில் தூக்கி வைத்திருந்த மூட்டையைக் கீழே வைத்தவரைப் போல. (தேய்ந்த உவமைதான். வேறு எழுதிப் பார்த்தேன், எதுவும் அந்த மூச்சுக்குப் பொருந்தவில்லை.) நானும் அப்போதுதான் கேக்கிலிருந்து கண்ணை எடுத்தேன்.

சிக்னே பென்சிலை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "மாட்டுப் பிரச்சினை நெசமாவே இருக்குங்களா?"

"அது நெசந்தாம்மா" என்றார் அஸ்கர். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "கொட்டகைக்குப் பின்னாடி கொண்டு போ. அங்க தண்ணி நிக்கும், மண்ணு கொட்டணும். ஆனா கழி நல்லாத் தெரியும்."

"நீங்களே போடுங்களேன்."

அவர் போட்டார். கோடு கொஞ்சம் கோணல். தீரா எழுந்து வந்து, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "பம்பு செட்டுக்குள்ள போகுது பாரு" என்றார். அஸ்கர் அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

5

முடிவுகள்.

முதலாவது: நகராட்சி நீலக்கோட்டை நிராகரிக்கிறது, ஊர் கொதிக்கிறது. இது நடக்கவில்லை. எழுதினால் கதைக்கு அழுத்தம் கூடும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவருக்கு அஸ்கரைத் தெரியாது.

இரண்டாவது: பாதை திறப்பு விழாவில் தீரா முதல் ஆளாக ஓட்டிப் போகிறார், பத்திரிகைக்காரர் படம் எடுக்கிறார். இதுவும் நடக்கவில்லை. பாதைக்கு ஒப்புதல் கிடைத்தது, கொட்டகைக்குப் பின்னால் மண்ணும் கொட்டிவிட்டார்கள். ஆனால் திறப்பு விழா அன்று தீராவுக்குச் சளி.

நடந்தது இதுதான். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. தூறல் விட்டிருந்தது. என் சைக்கிள் சுவரோரம் நின்றது. அஸ்கர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கார்ச்சாவியை என்னிடம் நீட்டினார்.

"வண்டிய நீ எடுத்துட்டு வா. இத நாங்க கொண்டு வர்றோம்."

"கோவமா அஸ்கர்?"

"பயங்கரக் கோவம்" என்றார். கண் சிரித்தது. "பிரேக்கு லூசா இருக்கு பாரு. இதுலயா அவள ஓட விட்டே?"

மாட்டு வாசனை அடிக்கும் அந்தக் காரை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினேன். சாலையிலிருந்து கரை தெரிந்தது. தீரா கொஞ்ச தூரம் மிதிப்பார், நிறுத்திக் காத்திருப்பார். அஸ்கர் மூச்சிரைக்க நடந்து வந்து சேருவார். பின்பு மறுபடியும். ஒரு இடத்தில் இரண்டு பேரும் நின்று பேச ஆரம்பித்தார்கள். அஸ்கர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டார். தீரா பதில் சொன்னார், ரொம்ப நேரம்.

காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். காற்று எதிர்ப்பக்கம். ஒன்றும் கேட்கவில்லை.

இங்கே ஓர் உரையாடல் வர வேண்டும். எழுதத் தெரியாமல் விடவில்லை. அது எனக்கு உரியதில்லை. யாருக்காவது பயந்து, யாரையாவது காப்பாற்றுவதாக நினைத்து, எதையாவது மறைத்தவர் நீங்கள் என்றால், அவர்கள் பேசியது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.