ஆணியில் மாட்டிய வயர்

இடது கையை விரிக்க முடியவில்லை. செபமாலையைச் சுற்றிக் கட்டுவதென்றால் இரண்டு கைகளையும் நெஞ்சின்மேல் சேர்க்க வேண்டும். ஆன்சலா கட்டிலருகே முழந்தாளிட்டு, இறந்து கிடந்த அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். சுண்டுவிரல் விலகியபோது உள்ளே இருந்தது தெரிந்தது. அவள் செய்து கொடுத்த சுவிச்.

அம்மா அடுத்த அறையில் றங்குப்பெட்டியைக் கிளறி அப்பாவின் வெள்ளைச் சேட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆன்சலா சுவிச்சை வயரோடு தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டு, செபமாலையைக் கட்டி முடித்தாள்.

போரால் முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் கொட்டில் போட்ட அடுத்த வருடம் அப்பா தோமஸுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. காலையில் ஆன்சலா முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போய்விடுவாள். அம்மா யூலிற்றா தள்ளியிருந்த குசினியில் புகைக்குள் நிற்பாள். அப்பா தேவைக்குக் கூப்பிடத்தான் அந்த மணி. பால்மா ரின்னில் வெட்டிய இரண்டு தகடுகள், நடுவில் துளை போட்ட செருப்பு றப்பர். அமத்தினால் தகடுகள் துளைக்குள் முட்டும், குசினியில் மணி கீச்சிடும். றேடியோ திருத்தும் மயில்வாகனம் பழைய அலாரம் மணிக்கூட்டிலிருந்து கழற்றிக் கொடுத்த மணி அது. பற்றரிக்கு அரசாங்கத் தடை என்பதால், யாரோ எறிந்த மூன்று டோர்ச் பற்றரிகளை வெயிலில் காயவைத்து உயிர்ப்பித்திருந்தாள்.

பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்துக்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. முதலில் மணிக்கு வயரை மாறிக் கொடுத்ததால் சத்தமே வரவில்லை. பிறகு மழையில் சுவர் ஈரமாகி அது தன்பாட்டில் அலறியது. அதைச் சரிசெய்தபின், அப்பா நித்திரையில் கையை இறுக்கும்போதெல்லாம் அடித்தது. ஒவ்வொரு தடவையும் யூலிற்றா அகப்பையோடு ஓடிவந்து, மூச்சு வாங்க நின்று, பிறகு அழுவாள். அது பொறுக்காமல் நேற்று முன்தினம் ஆன்சலா றப்பரைத் தடிப்பாக மாற்றினாள்.

"இனி அடிக்காட்டி அப்பா சுகமா இருக்கிறார் எண்டு நினையுங்கோ அம்மா. அடிச்சா மட்டும் ஓடி வாங்கோ" என்று சொல்லியும் வைத்தாள்.

இன்று மத்தியானம் அவள் பள்ளியால் வந்தபோது குசினியில் மாசிச் சம்பல் வாசம். அப்பா குளிர்ந்து கிடந்தார்.

தடித்த றப்பர். அவர் அமத்தியிருக்கிறார், அமத்திப் பார்த்திருக்கிறார், விரலுக்குப் பலம் போதவில்லை. கண்டாவளையிலிருந்து உறவினர் வருவதற்குள், சவப்பெட்டி வருவதற்குள், அவளுக்கு இது தெரிய வேண்டும். தெரியவரப் பயமாகவும் இருந்தது.

தலையணைக்குக் கீழே கையை விட்டு சுவிச்சை மெல்ல அமத்தினாள். சத்தம் இல்லை. பெருவிரல் வெளுக்கும்வரை அமத்தினாள். அப்போதும் இல்லை. சுவிச்சைக் கழற்றி, இரண்டு வயரின் நுனிகளையும் நேரே முட்டவிட்டாள். குசினிப் பக்கம் ஒரு முனகல்கூட இல்லை.

அப்படியென்றால் பிழை றப்பரில் இல்லை. ஒரு கணம் நெஞ்சு இலேசானது, பிறகு அதற்காகவே வெட்கப்பட்டாள். சுவிச்சை மீண்டும் பொருத்திவிட்டு எழுந்து, வயரைத் தடவிக்கொண்டே சுவரோரமாகப் போனாள். எலி கடித்திருக்கலாம். பற்றரி செத்திருக்கலாம். எதுவென்றாலும் பரவாயில்லை, யாரும் செய்யாததாக இருந்தால் போதும் என்று மாதாவிடம் கேட்டாள்.

குசினியில் பக்கத்துக் காணிச் சிவலட்சுமி தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு மேலே தட்டில் மூன்று பற்றரிகளும் வரிசையாக இருந்தன. ஒரு வயர் பற்றரியில் இல்லை. அறுந்திருக்கவில்லை. முறுக்கு அவிழ்த்து, நுனியைக் கொக்கிபோல வளைத்து, பக்கத்து ஆணியில் மாட்டியிருந்தது. அந்த வீட்டில் தேத்தண்ணி வடியையும் அகப்பையையும் துவாயையும் ஆணியில் மாட்டுகிற கை ஒன்றுதான்.

"அக்கா, காலமை வண்டு வந்ததே?"

"ஓம் பிள்ளை. கனநேரம் தலைக்கு மேலை சுத்தினது. உன்ர அம்மா எங்கட பங்கருக்குள்ளைதான் இருந்தவா. மனிசனைத் தூக்க ஏலாமல் விட்டிட்டு வந்தனே எண்டு ஒரே அழுகை."

ஆளில்லாமல் பறந்து வேவு பார்க்கும் அந்த விமானத்தைச் சனம் வண்டு என்றது. வண்டு வந்து போனால் பின்னால் கிபிர் விமானம் வந்து குண்டு போடும். கரண்ட் ஓடும் இடத்தை அது மோந்து பிடிக்கும் என்று ஊரே நம்பியது. அந்த இரைச்சல் கேட்டால் மயில்வாகனம்கூட றேடியோவை நிற்பாட்டிவிடுவார். "இந்த மணியையும் அது பிடிக்குமோ?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள். ஆன்சலா சிரித்தாள். அம்மா பிறகு கேட்கவேயில்லை.

கேட்காமல் கழற்றியிருக்கிறாள். அப்பாவை விட்டுவிட்டு ஓடுகிறவள், குண்டு அவர்மேல் விழாமலிருக்கத் தன்னால் செய்யக்கூடியது என்று அதைத்தான் செய்திருக்கிறாள். பயம் தெளிந்து வந்தவள் திரும்ப மாட்ட மறந்துவிட்டாள். ஆன்சலா வயரை ஆணியிலிருந்து எடுத்துப் பற்றரியில் முறுக்கினாள்.

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. வெள்ளைச் சேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"மணி அடிக்கேல்லையடி. நான் இங்கைதானே நிண்டனான். அடிக்கேல்லை எண்டாப்போலை சுகம் எண்டு நினைச்சன். அவர் அமத்தினவரோ?"

"இல்லையம்மா."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"சுவிச் தலகாணிக்குக் கீழை கிடந்தது. நித்திரையிலை போயிட்டார்."

"மணி பழுதோ?"

"பழுதில்லை. நில்லுங்கோ" என்று சொல்லி, ஆன்சலா அப்பாவிடம் ஓடினாள். தலையணைக்குக் கீழிருந்த சுவிச்சை இரண்டு கையாலும் அமத்தினாள். குசினியில் மணி கீச்சிட்டது. முற்றத்தில் கூடியிருந்த அயலவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அமத்திய கையை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப அவர் கூப்பிடேல்லை" என்றாள் அம்மா, வந்து கட்டில் விளிம்பில் இருந்து. "கூப்பிடேல்லை, என்ன?"

"இல்லையம்மா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் மீசையைச் சீராக ஒதுக்கிவிட்டாள். இனி இதை யாரும் கிளறக்கூடாது, சிவலட்சுமி அக்காவும் வண்டுக் கதையை எடுக்கக்கூடாது என்று ஆன்சலா பயந்து பயந்து எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் பங்குச் சுவாமி வந்து செபம் முடித்தார். பெட்டியை மூடப் போகும்போது கிழக்கே அந்த இரைச்சல் கேட்டது. மெல்லியது, விடாதது. வண்டு. செபம் சொன்னவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சிலர் மாமரத்துக்குக் கீழே ஒதுங்கினார்கள்.

ஆன்சலா திரும்பிப் பார்த்தபோது பெட்டியருகே அம்மா இல்லை.

குசினிக்கு ஓடினாள். யூலிற்றா அடுப்புக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பற்றரியிலிருந்து வயரை அவிழ்த்து, நுனியை வளைத்து, ஆணியில் மாட்டியாகிவிட்டது. மாட்டிய கை ஆணியை விட்டு வரவில்லை. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்றாள் ஆன்சலா.

யூலிற்றா திரும்பவில்லை. வண்டு தலைக்கு மேலே வந்து, மெல்ல மேற்கே போனது. பெட்டியை மூடலாமா என்று முற்றத்திலிருந்து யாரோ கேட்டார்கள். அம்மா வயரை ஆணியிலிருந்து எடுத்து, பற்றரியில் திரும்பவும் முறுக்கத் தொடங்கினாள்.