ஹாஜியானி வீட்டுப் பகல் சாப்பாடு

லோரன்ஸ் வேலை மாறி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. பதினேழு வருஷம் இருந்த விளம்பரக் கம்பெனியை விட்டுவிட்டு, கொழும்பிலேயே இன்னொரு கம்பெனிக்குத் தலைவராகப் போயிருந்தார். போகும்போது மூன்று பேரைக் கூடவே கூட்டிப் போனார். படம் வரைகிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர், கார் ஓட்டுகிற பஸ்லி. கையோடு ஒரு வாக்கும் கொடுத்திருந்தார், மாத்தளை ஹவ்வா கறித்தூள் கம்பெனியும் தன் பின்னாலேயே வந்துவிடும் என்று. அந்த வாக்கை நம்பித்தான் புதிய முதலாளிமார் தலைவர் நாற்காலியைக் கொடுத்தார்கள். கறித்தூள் வராவிட்டால் நாற்காலி என்னாகும் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அவருக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. ஹவ்வா தூளை ஆளாக்கியதே அவர்தானே! பதினொரு வருஷத்துக்கு முன்னால் கலேவெலயைத் தாண்டினால் யாருக்கும் பெயர் தெரியாத தூள் அது. மற்றக் கம்பெனிகள் எல்லாம் அள்ளிப் போடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்த காலத்தில், ‘அரைக் கரண்டி போதும்’ என்று பக்கெட்டில் அச்சடித்த ஒரே தூளும் அதுதான். இரண்டே வருஷத்தில் விற்பனை மும்மடங்கானது. அதற்கொரு விருது, விருதோடு ஒரு படம், அந்தப் படத்தை வைத்து ஊர் ஊராகத் தலைமைத்துவம் பற்றிப் பேச்சு. நன்றாகவும் பேசுவார், பொய் சொல்லக் கூடாது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, புதிய கம்பெனியின் ரமேஸையும் கூட்டிக்கொண்டு மாத்தளைக்கு வந்து சேர்ந்தார். கம்பெனியின் சொந்தக்காரி கைறுன்னிஸா ஹாஜியானி. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர், அறுபதைத் தாண்டியவர். கீழே மில், மேலே வீடு. மல்லி வறுக்கிற வாசம் படியேறி வந்து முன்னறையிலேயே உட்கார்ந்திருக்கும்.

லோரன்ஸ் ஒரு மணி நேரம் பேசினார். ரமேஸ் கணினியில் படங்களை மாற்றிக்கொண்டிருந்தார். ஹாஜியானி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

“யட்டவத்தயில சின்னப் பக்கெட் யாவாரம் போன மாசம் ஏன் தம்பி அடிபட்டிச்சி?”

லோரன்ஸின் தலை தானாக இடது பக்கம் திரும்பியது. பதினொரு வருஷமாக அந்தப் பக்கத்தில், பழைய கம்பெனியில் அவருக்குக் கீழே வேலை செய்த ஜஸ்லா இருப்பாள். சந்தைக்குப் போனவள் அவள், கடைக்காரர்களிடம் ஏச்சு வாங்கியவள் அவள். பெரியவர் பேசுவதும், வேலை செய்தவர் பக்கத்திலிருந்து படம் மாற்றுவதும் விளம்பரத் தொழிலில் வழக்கம்தான். கேள்வி வந்தால் பெரியவர் தலையைத் திருப்புவார், பதில் அங்கிருந்து வரும். ‘அரைக் கரண்டி போதும்’ கூட ரத்தொட்டைச் சந்தையில் ஒரு பெண் சொன்னதைக் கேட்டு ஜஸ்லா எழுதி வந்ததுதான். அது எப்போது தன்னுடையதாக மாறியது என்று லோரன்ஸுக்கே நினைவில்லை.

கம்பெனி மாறும்போது அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்னப் பிள்ளை இருக்கிறது, உக்குவெலயிலிருந்து கிழமைக்கு இரண்டு நாள்தான் கொழும்புக்கு வருகிறாள், புதிய இடத்துக்குச் சரிவர மாட்டாள் என்று தானாகவே தீர்மானித்துவிட்டார்.

இப்போது இடது பக்கம் இருந்த ரமேஸ், இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத ஒரு ஆய்வு செஞ்சி பாக்கணும் ஹாஜியானி” என்று சமாளித்தார் லோரன்ஸ்.

“சரி, சாப்பிட வாங்க” என்றார் ஹாஜியானி.

மேசையைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது. நெய்ச்சோறு, கோழி, மிளகு போட்ட மாட்டிறைச்சி, கத்தரிக்காய் மோஜு. ஹாஜியானி நின்றுகொண்டு பரிமாறினார், வேண்டாம் என்று கையால் மறைத்த தட்டிலும் இன்னொரு அகப்பை வைத்தார். வேலையைத் தரப் போவதில்லை என்றால் இப்படிச் சமைப்பார்களா? இந்த ஊர்ச் சனத்தின் மனசை வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு விளக்கிப் பேர் வாங்கிய ஆளல்லவா அவர்! கை கழுவப் போன இடத்தில் நின்றே பெரிய முதலாளிக்குப் போனில் செய்தி அனுப்பினார்: “ஹவ்வா நமக்குத்தான்.” அவர் திரும்பி வருவதற்குள் அது அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், நாற்பது பேர் கைதட்டல் போட்டிருந்தார்கள்.

வட்டிலப்பமும் தேத்தண்ணியும் முடிந்த பிறகுதான் ஹாஜியானி உட்கார்ந்தார்.

“கோவிக்க வேணாம் தம்பி. நாங்க பழைய எடத்திலயே இரிக்கிறதுன்னு முடிவு. போன கிழமையே கையெழுத்து வச்சாச்சி.”

லோரன்ஸுக்குக் காதில் விழுந்தது, புரியத்தான் நேரமெடுத்தது. “அப்ப... இந்தச் சாப்பாடெல்லாம்?”

“அல்லாவே, கொழும்பிலயிருந்து வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பேலுமா? இல்லன்னு மொதல்ல சொன்னா யாருக்குச் சோறு எறங்கும்? அதுதான் சாப்பிட்டு முடியும் வரைக்கும் சொல்லல்ல.”

ரமேஸ் தன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரிக் குனிந்துகொண்டார்.

“நான் விட்டுட்டுப் போனதுல கோவமா?”

“அது ஒங்கட தொழில். எனக்கென்ன கோவம்? நீங்க போனதும் பயந்துதான் போனேன், இனி யாருக்கிட்டக் கேக்கிறதுன்னு. அந்தப் புள்ள ஜஸ்லாக்குப் போன் பண்ணினேன். எல்லாம் அவக்கிட்ட இருந்திச்சி. ஒண்ணும் கொறயல்ல.” சொல்லிவிட்டு, ஆறுதலாக இருக்கட்டும் என்றோ என்னவோ, “கீழதான் இரிக்கிறா, புதுப் பக்கெட் பாக்க வந்து” என்றும் சேர்த்தார்.

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. வாசலில் நின்று பெரிய முதலாளிக்கு இரண்டாவது செய்தியை அனுப்பினார்: “அவசரப்பட்டுவிட்டேன். ஹவ்வா வரவில்லை. பிழை என்னுடையது.” பதில் வரும் வரைக்கும் காத்திராமல் படியிறங்கினார்.

ஜஸ்லா பொதி கட்டுகிற பெண்களோடு நின்று, பக்கெட் ஒன்றை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் பழைய மரியாதையோடு முன்னால் வந்தாள்.

“வாங்க சேர். சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன்.” என்ன சொல்வதென்று யோசிக்காமலேயே சொல்லிவிட்டார். “உங்களக் கூட்டிட்டுப் போயிருக்கணும் ஜஸ்லா. வரமாட்டீங்கன்னு நானே நெனச்சிக்கிட்டேன்.”

“கேட்டிருந்தா வந்திருப்பேன் சேர். நீங்க போற செய்தி கேட்டு ரெண்டு கிழமை ஃபோனைக் கையிலேயே வச்சிட்டிருந்தேன். உம்மா கேக்க, சேர் கட்டாயம் கூப்பிடுவாருன்னு சொன்னேன்.”

“இப்ப கேட்டா?”

ஜஸ்லா சிரித்தாள். “இப்ப வேணாம் சேர். இப்ப நான்தான் பேசுறேன். எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க.”

அதில் ஒரு துளி கோபமும் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். உள்ளேயிருந்து ஒரு பெண் ஜஸ்லாவைக் கூப்பிட்டாள், அவள் தலையாட்டி விடைபெற்றுக்கொண்டு போனாள்.